நந்தினியைப் பிடிப்பது தப்பா? சரித்திரக் காதல் நாவல்களில் கறைபட்ட நாயகர்கள் பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சரித்திரக் காதல் நாவல் எதை எடுத்தாலும் குறையே இல்லாத நாயகன் நாயகியை மதிக்க முடிகிறது, ஆனால் மனசு போவது தப்புச் செய்தவர்கள் பக்கம்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் அருள்மொழி வரும் இடங்களை வேகமாகப் புரட்டிவிட்டு ஆதித்த கரிகாலன் வரும் இடங்களில் நின்று படிக்கிறீர்கள். குந்தவையைவிட நந்தினிக்காகக் காத்திருக்கிறீர்கள். “உனக்கு வில்லத்தனம்தான் பிடிக்கிறது” என்று தோழி சொல்லிவிட்டார். இது நம் குணத்தில் உள்ள கோளாறா, எழுதியவரின் கைவரிசையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது முறையாக வாசிக்கும்போது எதைக் கவனிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் தொழில். அதில் பாதிக்கு மேல் சோழர் கதை, பல்லவர் கதைதான். மாலை நேரக் கல்லூரியில் தமிழ் நாவல் வகுப்பும் பல வருடம் எடுத்திருக்கிறேன். உளவியல் படித்தவனில்லை. அதனால் நாவல் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். உங்கள் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதில் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன்.

என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. சரித்திர நாவலில் முடிவு ஏற்கெனவே கல்லில் வெட்டியாகிவிட்டது. ஏன் அப்படி முடிந்தது என்பதற்கு மட்டும்தான் எழுத்தாளனுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப மனிதனின் குறையைப் போல வசதியான பொருள் வேறில்லை.

கரிகாலனையே எடுத்துக்கொள்ளுங்கள். சரித்திரம் அவனைப் பற்றித் தருவது கைப்பிடி அளவுதான். சுந்தர சோழரின் மூத்த மகன். ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டத்தோடு கல்வெட்டுகளில் வருகிறான். பட்டத்துக்கு வராமலே கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற பெயர்களை அது சொல்கிறது. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்கள் கைமாறிய விவரத்தையும் சொல்கிறது. இவ்வளவும் நிச்சயம். யார் தூண்டினார்கள் என்பது சர்ச்சைக்கு உரியது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, சுந்தர சோழருக்குப் பின் பட்டத்துக்கு வந்த உத்தம சோழர் மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அந்தப் பஞ்சாயத்து இன்றைக்கும் முடியவில்லை.

இந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஒருவன் பாண்டியன் தலையை வெட்டினான். பிறகு அவனே கொல்லப்பட்டான். கல்கி அந்தப் பள்ளத்தில் ஒரு குடிசையைக் கட்டினார். காயம்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியன், அவனைக் காப்பாற்றச் சொல்லிக் காலில் விழுந்து கெஞ்சும் நந்தினி, கேட்காமல் வாளை ஓங்கிய கரிகாலன். நந்தினி முழுக்கக் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவளை அங்கே வைத்ததும் வெறும் பட்டப்பெயராக இருந்த ‘தலைகொண்ட’ ஒரு மனிதன் தூக்கமில்லாமல் கிடப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. மாமல்லபுரத்தில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் அவன் இதைச் சொல்லும் அத்தியாயத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வெற்றிக் கதை சொல்கிற குரலே அதில் இருக்காது. தான் செய்தது ராஜ தர்மப்படி சரி என்று அவனுக்குத் தெரியும். அந்த முகம் மறக்காது என்பதும் தெரியும். சாவு காத்திருக்கும் கடம்பூருக்குப் போகாதே என்று வேண்டியவர்கள் தடுத்தும் அவன் போவது இதனால்தான். சாவை நோக்கி நடக்கிறவனை நாம் முன்கூட்டியே அறிந்த கண்ணோடு பார்க்கிறோம். அந்தக் கனம் அருள்மொழிக்குக் கிடைக்காது. அவன் ராஜராஜனாகப் போகிறவன், தஞ்சைக் கோபுரம் கட்டப் போகிறவன் என்பதும் நமக்குத் தெரியுமே. எந்தப் புயலில் படகு கவிழ்ந்தாலும் அவனுக்காக நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. நீங்கள் வேகமாகப் புரட்டியதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

நந்தினி விஷயத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. நாவல் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. தொடர்கதைக்கு முழுசாகத் தெரிந்த பாத்திரம் பிரயோஜனப்படாது. குந்தவை என்ன நினைக்கிறாள் என்பது நமக்கு அநேகமாகத் தெரிந்துவிடும். நந்தினி யாருடைய மகள், வீரபாண்டியனுக்கு அவள் என்ன உறவு, இப்போது பேசுவது பொய்யா பாதிப் பொய்யா என்று ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சு மிச்சமிருக்கும். அவள் அரண்மனைப் பெண்களால் ஒதுக்கப்பட்டவள் என்பதைக் கல்கி மெதுவாகத்தான் அவிழ்க்கிறார். சின்ன வயதில் பழையாறையில் கரிகாலனோடு பழகியதும், குலம் தெரியாத பெண் என்று பெரிய இடத்தார் அவளைத் தள்ளிவைத்ததும் தெரியவரும்போது, அதற்குள் அவளைக் கெட்டவள் என்று தீர்ப்பு எழுதி வைத்திருந்த வாசகருக்குச் சங்கடமாகிவிடும். அதற்காக அவள் செய்த சதி நியாயமாகிவிடாது. அந்தச் சங்கடத்தைத்தான் நீங்கள் ‘பிடித்திருக்கிறது’ என்று சொல்கிறீர்கள் என்பது என் ஊகம்.

என்னைக் கேட்டால் அந்த நாவலில் கறைபட்டவர்களிலேயே பெரிய ஆள் பெரிய பழுவேட்டரையர்தான். உடம்பில் அறுபத்து நாலு விழுப்புண், சோழ நாட்டின் தனாதிகாரி, கிழவயதில் இளம்பெண்ணான நந்தினியைக் கட்டிக்கொண்டு ஊர் வாயில் விழுந்தவர். அந்த மூடுபல்லக்கை நினைத்துப் பாருங்கள். மனைவியை ஒருவர் கண்ணும் படாமல் கொண்டுபோகிறார் என்று ஊர் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை அவரே சதிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு உள்ளே, அரியணை ஏற்றத் திட்டமிட்டிருக்கும் மதுராந்தகனை உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார். தன் அவமானத்தையே கருவியாக்கிக்கொண்ட மனிதர். நந்தினியின் உண்மை தெரியவந்த பிறகு அவர் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்ளும் இடத்தில் வகுப்பில் பசங்க சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காதல் கதை என்றால் இளம் ஜோடி என்று நினைத்து வந்தவர்கள் கடைசியில் கிழவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு போவார்கள்.

கரிகாலனின் தூதனாக வரும் வந்தியத்தேவன் வேறு ரகம். அவன் குறைகள் இலேசானவை: அவசரம், வாய்த்துடுக்கு, ஒட்டுக்கேட்கும் ஆசை. ஆனால் கதை ஓடுவதே அவற்றால்தான். கடம்பூர் மாளிகையில் விருந்தாளியாகப் போனவன் ஒழுங்காகப் படுத்துத் தூங்கியிருந்தால் சிற்றரசர்களின் சதி அவன் காதில் விழுந்திருக்காது. அவன் பெயருக்கு வரலாற்றில் கிடைக்கிற ஆதாரமும் கொஞ்சம்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று சொல்கிறது. அந்த ஒரு வரியிலிருந்து இப்படித் துறுதுறுவென்று ஒருத்தனை உருவாக்கியது துணிச்சல்தான்.

கைப்பிரதி படிக்கும்போது நான் வைக்கும் சோதனை இங்கிருந்துதான் வருகிறது. நாயகனின் குறையை எடுத்துவிட்டுக் கதையை ஓட்டிப் பார்ப்பேன். அப்படியும் கதை அதே பாதையில் போனால் அது குறையில்லை, வெறும் திருஷ்டிப் பொட்டு. எனக்கு வரும் பிரதிகளில் பாதி நாயகர்களுக்கு முன்கோபம் என்று ஒன்று எழுதியிருக்கும். அந்தக் கோபத்தால் ஒரு நண்பனையாவது இழந்திருப்பானா என்றால் கிடையாது. மிஞ்சி மிஞ்சிப் போனால் நாயகி அதை ரசிப்பாள். இவர்களை வாசகர் மறந்துவிடுகிறார்கள், மறக்கத்தான் வேண்டும்.

கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில் இந்தச் சோதனை எப்படித் தேறுகிறது பாருங்கள். மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியர்களின் வாதாபியைப் பிடித்தது சரித்திரம். 642 வாக்கில் நடந்ததாகச் சொல்வார்கள். ‘வாதாபி கொண்ட’ என்ற பட்டமும் அவனுக்கு உண்டு. அவன் காதலிக்கும் ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி கற்பனை. அவளோடு வாதாபிக்குச் சிறைகொண்டுபோன காஞ்சி மக்களைச் சாட்டையால் அடிக்கிறார்கள். அந்த அடி நிற்க வேண்டுமென்றால் நாற்சந்தியில் அவள் ஆட வேண்டும் என்கிறான் சாளுக்கிய மன்னன் புலிகேசி. ஆடுகிறாள். அந்த ரணத்தில்தான் சபதம் பிறக்கிறது: இந்த நகரம் எரிந்த பிறகுதான் இங்கிருந்து புறப்படுவேன் என்று. மாமல்லனே மாறுவேடத்தில் உயிரைப் பணயம் வைத்து வந்து கூப்பிடும்போதும் வர மறுக்கிறாள். அங்கேதான் பலருக்கு அவள் மேல் கோபம் வரும். வகுப்பில் ஒரு மாணவி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “போயிருக்கலாம்ல சார்?” என்றாள். போயிருக்கலாம்தான். போயிருந்தால் வருடக்கணக்கான காத்திருப்பு இல்லை. அவன் பாண்டிய இளவரசியை மணந்து குழந்தை குட்டியோடு ஊர்வலம் வருவதை இவள் பார்க்க நேர்ந்திருக்காது. ஏகாம்பரநாதர் சந்நிதியில் தானே தாலி கட்டிக்கொள்ளும் காட்சியும் இல்லை. பிடிவாதத்தை எடுத்துவிட்டால் அந்தக் காதல் கதையே இல்லை.

காலம் பின்னால் போகப் போகக் குறையின் விலை ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைக்குக் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டால் ராத்திரி போனில் கூப்பிட்டுச் சமாதானம் செய்யலாம். ஓலை கொண்டுபோகிறவன் வழியில் பிடிபட்டால் மன்னிப்பும் அவனோடு போய்விடும். திருமணத்தை முறிக்க வழியில்லாத காலத்தில் தவறான ஆளைக் கட்டிக்கொண்டால் ஆயுள் தண்டனைதான். ஆங்கிலத்தில் எழுதப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் காதல் நாவல்களைப் படித்திருந்தால் இது உடனே புரியும். ஊதாரிப் பிரபு, சூதாடி, பெண்பித்தன் என்று அங்கே நாயகர்களுக்குப் பஞ்சமில்லை. அன்றைய சட்டப்படி மணமான பெண்ணின் கைப்பணமும் சம்பாத்தியமும் கணவனுக்குப் போய்விடும். 1870, 1882 ஆகிய வருடங்களின் சட்டங்கள்தான் அதை மாற்றின. 1857-க்கு முன் முழு மணமுறிவு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் குணம் சரியில்லாதவனை நம்புவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று யோசியுங்கள்.

1847-ல் வந்த ‘ஜேன் அயர்’ இதற்குச் சரியான உதாரணம். ராச்செஸ்டர் முதல் மனைவி மாடியில் பூட்டிக் கிடக்க, அதை மறைத்து ஜேனை மணக்கப் பார்க்கிறான். மனைவிக்குப் பைத்தியம் என்ற காரணத்துக்காக மணவிலக்கு வாங்க அன்றைய இங்கிலாந்தில் வழி கிடையாது. அவன் பொய் சொன்னது அவன் குற்றம், அவனை மூலையில் தள்ளியது அந்தக் காலம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடிவதால்தான் வாசகரால் அவனைத் திட்டவும் முடிகிறது, கைவிடாமலிருக்கவும் முடிகிறது. ஜேன் என்ன செய்கிறாள்? அவனைத் திருத்துகிறேன் பேர்வழி என்று அங்கே உட்காரவில்லை, கிளம்பிவிடுகிறாள். இது முக்கியம்.

ஏனென்றால் ‘பெண்களுக்குக் கெட்டவனைத் திருத்துவதில் ஆசை, அதனால்தான் இப்படிப்பட்ட நாவல்’ என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே ஓர் ஊரில் காதல் நாவல் வாசகிகளோடு பேசி 1984-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் சந்தித்த பெண்கள் கொடுமைக்கார நாயகனை விரும்பவில்லை. உள்ளுக்குள் மென்மையும் கவனிப்பும் இருப்பவனைத்தான் தேடினார்கள், அந்த மென்மை கடைசியில் வெளிப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அது ஒரே ஊர், சின்னக் குழு, நாற்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கல்கி வாசிக்கிறவருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ‘எல்லாப் பெண்களும்’ என்று ஆரம்பிக்கும் விளக்கங்களை மறுக்க மட்டும் அது போதும்.

உங்கள் தோழி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். குறை என்ற பெயரில் குற்றத்தை வெள்ளையடிக்கும் நாவல்கள் உண்டு. 1972-ல் அமெரிக்காவில் வந்து சக்கைப்போடு போட்ட கேத்லீன் வுடிவிஸின் சரித்திரக் காதல் நாவலில் நாயகன் நாயகியை ஆரம்பத்திலேயே பலாத்காரம் செய்கிறான். அவர்கள் காதலர்களாவதுதான் மீதிக் கதை. பின்னால் வந்த வாசகர்களில் பலர் அதை ஏற்கவில்லை, அவர்கள் பக்கம்தான் நானும். என் அளவுகோல் எளிது. தப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். செய்தவன் கொடுத்தால் அது குறையுள்ள நாயகனின் கதை. பாதிக்கப்பட்டவளே கொடுத்துவிட்டு மன்னிக்கவும் வேண்டும் என்றால் எனக்கு ஒத்துவராது. இது என் ரசனை, விதி என்று சொல்லமாட்டேன்.

அந்த அளவுகோலில் கோவலன் எங்கே நிற்கிறான் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்விதான், விடை எனக்கே முழுசாகத் திருப்தி தருவதில்லை. இந்த ருசி நமக்கு நாவலோடு வந்ததில்லை என்பதற்காகவாவது அவனைச் சொல்ல வேண்டும். சங்கப் பாடல்களில் மருதத் திணை முழுக்கப் பரத்தை வீட்டுக்குப் போய் வந்த தலைவனை வாசலில் நிறுத்தி வைக்கும் கதைதான். கோவலன் அந்த வாசலிலிருந்து வந்தவன். கானல்வரியில் அவனும் மாதவியும் கடற்கரையில் மாறி மாறிப் பாடுகிறார்கள். அவள் பாட்டில் வேறொருவன் இருக்கிறான் என்று இவனாகவே முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. மதுரையில் ஆயர் சேரியில் கண்ணகி சமைத்துப் போட்டு அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான், பெற்றோர் சொல்லைக் கேட்கவில்லை, உனக்கும் சிறுமை செய்தேன் என்று வாய் திறக்கிறான். அவள் சமாதானம் சொல்லிவிட்டுப் போகவில்லை. ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று நேராகவே சொல்கிறாள். உயர்ந்தவர்கள் மதிக்காத நடத்தை உங்களுடையது என்று இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு, அதோடு கூடவே வந்ததையும் சொல்கிறாள். அடுத்து அவன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்புகிறான். விலையை அவனும் கொடுக்கிறான், அவளும் கொடுக்கிறாள், ஒரு நகரமும் கொடுக்கிறது. என் அளவுகோல் அங்கே தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குறையில்லாத நாயகனுக்கும் ஒரு சுகம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் வரும் இளைய பல்லவன், அதாவது கலிங்கத்துப்பரணி பாடும் அதே கருணாகரத் தொண்டைமான், எந்த வலையில் சிக்கினாலும் வெளியே வந்துவிடுவான். வருவானா என்று நாம் கேட்பதில்லை, எப்படி வருவான் என்பதுதான் ருசி. இரண்டு பெண்கள் அவனை விரும்புகிறார்கள். அதனால் அவன் மனசாட்சி ஒரு ராத்திரியாவது புரண்டு படுத்ததா என்று தேடினால் ஏமாற்றம்தான். ரயில் பயணத்துக்கு அதைத்தான் நானும் எடுத்துப் போவேன். நீங்கள் கேட்டது வேறு ருசியைப் பற்றி.

சரி, மறுவாசிப்புக்கு வருவோம். முதல் பாகத்திலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம். மூன்றாம் பாகமான ‘கொலைவாளை’ எடுத்து, நந்தினி பேசும் இடங்களை மட்டும் தனியாகப் படியுங்கள். ஒவ்வொரு தடவையும் எதிரில் இருப்பவர் அவளிடம் என்ன கேட்க விரும்புகிறாரோ அதையே அவள் சொல்கிறாளா, சொல்லவில்லை என்றால் ஏன் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். பழுவேட்டரையரிடம் ஒரு குரல், வந்தியத்தேவனிடம் ஒரு குரல், தனியாக வாளோடு இருக்கும்போது வேறொன்று. அப்புறம் நாலாம் பாகத்தில் கடம்பூர் அத்தியாயங்களில் கரிகாலனும் அவளும் நேருக்கு நேர் வரும்போது அந்தக் குரல்களில் எது நிற்கிறது என்று பாருங்கள். அவனைக் கொன்ற கை எது என்று வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் இறங்குவதற்கு முன்னால் இந்தக் குறிப்புகளைத் தோழியிடமும் காட்டுங்கள். அவர் முழு நாவலையும் படித்துவிட்டுத்தான் ‘வில்லத்தனம்’ என்றாரா, படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பது எனக்கே ஒரு சந்தேகம்.